தாய்ப்பலகையில் தங்கும் உயிர்: வீட்டில் பூட்டிய கணினிக்கு உரிமம் வாங்குவது பற்றிய ஓர் ஆராய்ச்சி

வீட்டிலேயே கணினி பூட்டிக்கொள்கிறவர் சாமானியரல்லர். பிராசசர் வாங்குமுன் பத்து அட்டவணைகளை ஒப்பிட்டுப் பார்ப்பார். எஸ்எம்பிஎஸ் 550 வாட் போதுமா, 650 வேண்டுமா என்று கூட்டிக் கழிப்பார். ராம் குச்சியில் எரிகிற விளக்கு நீலமா சிவப்பா என்பதில் வீட்டாரின் கருத்தையும் கேட்பார். கேட்டுவிட்டுத் தம் விருப்பப்படியே வாங்குவார். சென்னை ரிச்சி தெருவிலோ, பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ, தில்லி நேரு பிளேஸிலோ இத்தனை பொருளையும் பேரம் பேசி எடுத்து வைத்த பிறகு, பில் புத்தகத்தைத் திறந்தபடி கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார்: "ஓ.எஸ். என்ன சார் பண்ணப் போறீங்க?" மூன்று வாரம் ஆராய்ந்த அறிஞர் அந்த இடத்தில் மட்டும் தடுமாறி, "ஏதாவது போட்டுக்கலாம்" என்பார். இந்த 'ஏதாவது' என்னும் சொல்லே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசைப்படுத்திப் போனார். விண்டோஸ் உரிமங்களை வரிசைப்படுத்த நமக்கு ஒரு கபிலர் வாய்க்கவில்லை. அதனால் இத்துறை இன்றுவரை கடைக்காரர்களின் வாய்மொழி மரபாகவே இருந்துவருகிறது. இதில் நேர்ந்துள்ள அடிப்படைப் பிழை, உரிமம் வாங்குவதைப் பணக் கணக்காக மட்டும் பார்த்ததுதான். எது மலிவு என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு. கணினியின் உயிர் எந்த உறுப்பில் குடியிருக்கிறது? அந்த உறுப்பு அழிந்தால் உயிர் உடன் அழிகிறதா, வேறு உடல் எடுக்கிறதா? இந்த இரண்டு வினாக்களுக்கும் விடை சொல்லாமல் எந்த உரிமத்தையும் அறிவோடு வாங்க முடியாது. சொல்லிவிட்டால் பணக் கணக்கு தானாகவே தீர்ந்துவிடும் என்பது இவ்வாய்வின் துணிபு.

முதலில் வகைப்பாடு. விண்டோஸ் உரிமம் மூன்று கிளையாகக் கிடைக்கிறது. ஓ.இ.எம். என்பது கணினி செய்து விற்பவர்களுக்கானது. முதன்முதலில் ஏறிய மதர்போர்டோடு கட்டுண்டு கிடப்பது. ரீட்டெயில் என்பது தனி மனிதருக்கானது. ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான் இருக்கலாம், ஆனால் அதிலிருந்து நீக்கி இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். வால்யூம் என்பது நிறுவனங்கள் மொத்தமாக எடுப்பது. முதல் இரண்டில் ஹோம், புரோ என்று உட்கிளைகள் உண்டு. ஐரோப்பாவுக்கென்று 'என்' பதிப்பு ஒன்றும் உண்டு. 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49 கோடியே 70 லட்சம் யூரோ அளவில் அபராதம் விதித்து, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்க வேண்டும் என்று ஆணையிட்டதால் பிறந்த பதிப்பு அது. ஒரு பொருளிலிருந்து எதையோ எடுத்துவிட்டு அதற்குத் தனிப் பெயர் வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதில்லை. சர்க்கரை இல்லாத காபிக்கும் கடையில் அதே விலைதான்.

எந்தக் கிளையை வாங்கினாலும் கைக்கு வருவது ஒரு கீ: ஐந்தைந்தாக அமைந்த 25 எழுத்துகள். கணினி அறிஞர்கள் இதை வெறும் குறியீடாகப் பார்க்கிறார்கள். இலக்கணம் தெரிந்தவர் கண்ணுக்கு இதில் பெரிய செய்தி இருக்கிறது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் பத்து எண்களும் முழுமையாக இதில் வருவதில்லை. ஏ, இ, ஐ, ஓ, யு என்னும் ஐந்து உயிர்களும் அறவே விலக்கப்பட்டுள்ளன. பூஜ்யம், ஒன்று, ஐந்து போலப் பார்வையில் வேறோர் எழுத்தாக மயங்கும் எண்களும், வேறு சில மெய்களும் விலக்கப்பட்டுள்ளன. (பி என்ற எழுத்தையும் எட்டு என்ற எண்ணையும் மட்டும் ஏனோ இரண்டையும் விட்டுவைத்தார்கள். மேசைக்கடியில் குனிந்து டார்ச் அடித்து ஸ்டிக்கரைப் படித்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள்.) எக்ஸ்பி காலத்துக் கீயில் எஞ்சிய எழுத்துகள் 17, விண்டோஸ் 8 முதல் என் என்ற எழுத்தும் சேர்ந்து 18 ஆயின. தமிழில் மெய்யெழுத்து பதினெட்டு என்பதை இங்கே நினைவூட்டுவது மிகை. ஒய் என்பது ஆங்கிலத்தில் சில இடத்தில் உயிராகவும் ஒலிக்குமே எனின், அதைக் குற்றியலுகரம்போல அரை மாத்திரைக்குக் குறைத்துக் கொள்க. ஆக, கீ என்பது உயிரே கலவாத பதினெட்டு மெய்களால் ஆனது. தனி மெய் அகரத்தோடு சேர்ந்தாலன்றி இயங்காது என்பது தொல்காப்பியர் கண்ட உண்மை. அதன்படி கீ ஓர் உடல், உயிர் அன்று. அது எதையோ சேர்ந்துதான் இயங்க வேண்டும். எதைச் சேர்ந்து என்பதில்தான் சமயங்கள் பிரிகின்றன.

அந்தப் பிரிவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1975 ஜனவரியில் ஆல்டேர் 8800 என்னும் கணினி உதிரிபாகப் பொட்டலமாக அறிமுகமானது. வாங்கியவர்கள் வீட்டில் வைத்துத் தாங்களே பற்றவைத்துப் பூட்டிக்கொண்டார்கள். அதற்கு எழுதப்பட்ட பேசிக் மொழியின் துளைநாடாவைக் கைக்குக் கை படியெடுத்துக் கொண்டார்கள். 1976 பிப்ரவரி 3 அன்று, இருபது வயது பில் கேட்ஸ் பொழுதுபோக்காளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வன்பொருளுக்குக் காசு கொடுக்கிறீர்கள், மென்பொருளைப் பங்கு போட்டுக்கொள்ளும் பொருளாக நினைக்கிறீர்கள் என்பது அதன் சாரம். தாங்கள் உழைத்த நேரத்துக்கு மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை என்று கணக்கும் காட்டியிருந்தார். கவனிக்க வேண்டியது, கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்பது. வங்கிகளுக்கோ பல்கலைக்கழகங்களுக்கோ அன்று. வீட்டில் கணினி பூட்டுகிறவர்களுக்கு. உரலுக்குக் கொடுத்தவன் உலக்கைக்குக் கொடுக்க மாட்டேன் என்கிற இந்த வழக்கு ஐம்பது ஆண்டுப் பழமையுடையது. ரிச்சி தெருவில் தடுமாறுகிறவர் தமக்குத் தெரியாமலேயே அதன் பிரதிவாதி.

அதன்பின் வாதி பூட்டுகள் போடத் தொடங்கினார். விண்டோஸ் 95 கடைப்பதிப்பின் கீயில் மூன்று இலக்கம், ஒரு கோடு, பிறகு ஏழு இலக்கம். அந்த ஏழின் கூட்டுத்தொகை ஏழால் வகுபட வேண்டும் என்பதுதான் முக்கியமான சோதனை. எல்லா இடத்திலும் ஒன்று என்றே தட்டினாலும் கதவு திறந்தது, ஏழு ஒன்று ஏழு ஆகையால். ஒன்றாம் வகுப்புக் கணக்கை நம்பி ஓர் உலக நிறுவனம் பூட்டுப் போட்டதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. 2001இல் எக்ஸ்பி வந்தபோது நிலைமை மாறியது. கீ சரியா என்பதோடு, எந்தக் கணினியில் ஏறியிருக்கிறது என்றும் நிறுவனம் பார்க்கத் தொடங்கியது. இதற்கு ஆக்டிவேஷன் என்று பெயர். தமிழில் பிராணப் பிரதிஷ்டை என்றால் பொருந்தும். எக்ஸ்பி கடைக்கு வருமுன்பே ஒரு வால்யூம் கீ வெளியே கசிந்து உலகெங்கும் ஓடியது வேறு கதை. ஆய்வுக்கு முக்கியமானது, அன்றுமுதல் உயிர் என்பது குறிப்பிட்ட ஓர் உடலோடு பேசப்படலாயிற்று என்பதுதான்.

உடல் என்றால் எது? கணினி என்பது கேபினட், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, பிராசசர், ராம், டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு என்னும் பல உறுப்புகளின் கூட்டம். இதில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் எப்போது அது வேறு கணினி ஆகிறது? பாட்டி காலத்து அரிவாள்மணை என்று காட்டுவார்கள். விசாரித்தால் பலகையை இரண்டு தடவையும் அலகை மூன்று தடவையும் மாற்றியிருப்பார்கள். ஆனாலும் அது பாட்டியின் அரிவாள்மணைதான். வீட்டில் யாரும் மறுப்பதில்லை. மைக்ரோசாஃப்டுக்கு இந்தத் தெளிவு வாய்க்கவில்லை. எதை மாற்றினாலும் பழைய கணினியே என்றால் ஒரே ஓ.இ.எம். உரிமம் உலகம் உள்ளளவும் ஓடும். ஆகவே ஏதேனும் ஓர் உறுப்பை நிலைக்களனாகக் கொள்ள வேண்டியிருந்தது. மதர்போர்டே கணினியின் இதயமும் ஆன்மாவும் என்று கணினி தயாரிப்பாளர்களுக்கான விளக்கத்தில் அந்நிறுவனமே எழுதி வைத்தது. பழுதான போர்டை மாற்றினால் பாதகமில்லை. மேம்படுத்துவதற்காக மாற்றினால் பிறப்பது புதுக் கணினி. அதற்குப் புது உரிமம் வேண்டும். ஒரு வணிக நிறுவனம் ஆன்மா எங்கே இருக்கிறது என்று எழுத்தில் தீர்ப்புச் சொன்ன இடம் உலகத்தில் அபூர்வம். நம் சித்தாந்திகள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டதை உரிமத் துறை ஒரு பத்தியில் முடித்துவிட்டது.

பெரிய நிறுவனங்கள் செய்து விற்கும் கணினிகளில் இக்கொள்கை முழுமை பெற்றிருக்கிறது. முன்பெல்லாம் கீயை ஸ்டிக்கராக அச்சிட்டுக் கேபினட்டின் விலாவில் ஒட்டினார்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து போர்டின் பயாஸுக்குள்ளேயே எழுதி அனுப்புகிறார்கள். பயனர் அதைப் பார்க்கவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம். டிஸ்க்கை அழித்து மறுபடி விண்டோஸ் ஏற்றினால் அதுவே படித்துக்கொள்ளும். தமிழர்கள் இதைத் தலையெழுத்து என்பார்கள். ஆனால் வீட்டில் பூட்டுகிறவர் தனியாக வாங்கும் போர்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். பிரமன் எழுதாமல் விட்ட மண்டையோடு பிறந்த கணினி அது. எழுத வேண்டியவர் வாங்கியவரே. இந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு 'ஏதாவது' என்று சொல்வது, பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொன்னால் அப்புறம் பார்க்கலாம் என்று எழுந்து போவதற்குச் சமம்.

இனி, ஆன்மா மதர்போர்டில்தான் இருக்கிறது என்பதை வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். அப்படியானால் மதர்போர்டு கணினியின் நெடுநாள் வாழும் உறுப்பாக இருக்க வேண்டுமல்லவா? வரலாறு நேர்மாறாகச் சொல்கிறது. இன்டெல் பிராசசர் உட்காரும் சாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொள்க. 2009இல் 1156 கால் சாக்கெட், 2011இல் 1155, 2013இல் 1150, 2015இல் 1151, 2020இல் 1200, மறு ஆண்டே 1700, 2024இல் 1851. ஒன்றில் பொருந்துவது இன்னொன்றில் பொருந்தாது. 2017இல் கால் எண்ணிக்கை 1151 என்றே இருந்தும் புதிய பிராசசர் பழைய போர்டில் ஓடவில்லை. கோத்திரம் ஒன்றானாலும் சம்பந்தம் கூடிவரவில்லை. ஏஎம்டி மட்டும் 2016 முதல் 2022 வரை ஏஎம்4 என்ற ஒரே சாக்கெட்டை வைத்திருந்து குடும்பஸ்தன் என்று பெயர் வாங்கியது. எனவே பிராசசரை மாற்ற நினைக்கிறவர் பெரும்பாலும் போர்டையும் மாற்றியே ஆக வேண்டும். அதேசமயம் அவர் வீட்டுக் கேபினட் பத்தாண்டு உழைக்கும். கீபோர்டு இன்னும் நெடுங்காலம் உழைக்கும். அதன் இடுக்கில் கிடக்கும் மிக்சர் துணுக்குகளைக் கொண்டே காலக்கணிப்புச் செய்யலாம். அழியாத ஆன்மாவை, அடிக்கடி அழியும் உறுப்பாகப் பார்த்துக் குடிவைத்திருக்கிறது ஓ.இ.எம். சமயம். கணினியைக் கடையில் வாங்கி, ஓய்ந்தபின் எக்ஸ்சேஞ்சில் போடுகிறவருக்கு இதனால் நட்டமில்லை. அவர் கணினி உறுப்பு மாற்று அறுவை கண்டதில்லை. நட்டமெல்லாம் பூட்டுகிறவருக்கே. பூட்டுகிறவன் கழற்றுவான் என்பதுதான் இத்துறையில் நாம் நிறுவக்கூடிய ஒரே விதி.

ஓ.இ.எம்.மில் இன்னொரு தத்துவச் சிக்கலும் உண்டு. அது கணினி செய்து பிறருக்கு விற்கிறவருக்கான உரிமம். விண்டோஸ் 7 காலத்து விதிப்படி, தனக்கென்று கணினி பூட்டுகிறவர் ஓ.இ.எம். வாங்கி ஏற்றுவது முறையன்று. மூன்றாம் ஆளுக்கு விற்க வேண்டும். விற்பவனும் வாங்குபவனும் ஒருவனாக இருக்கும் அத்துவித நிலையைச் சட்டம் அங்கீகரிக்கவில்லை. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது இதைத் தளர்த்தி, சொந்த உபயோகத்துக்குப் பூட்டுகிறவரும் வாங்கலாம் என்றார்கள். ஆனால் ஓ.இ.எம். விதியில் ஒரு கடமை உண்டு: பயன்படுத்துகிறவருக்கு ஏதும் கோளாறு என்றால் உதவி செய்ய வேண்டியவர் மைக்ரோசாஃப்ட் அன்று, கணினியைச் செய்தவர். வீட்டில் பூட்டியவர் நள்ளிரவில் நீலத்திரை கண்டு திகைத்தால் யாரைக் கூப்பிடுவது? தம்மையேதான். கூப்பிட்டால் மணி அடிக்கும். எடுக்கத்தான் ஆள் இருக்காது.

இதற்கு எதிர்ச் சமயம் ரீட்டெயில். அதன் மூலபுருஷர் திருமூலர். கயிலையிலிருந்து வந்த யோகி சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்து கிடக்க, சுற்றி நின்று பசுக்கள் கதறுவதைக் கண்டு, தம் உடலை ஓரிடத்தில் மறைத்துவிட்டு அவன் உடலில் புகுந்தார். திரும்பி வந்து பார்த்தால் தம் பழைய உடலைக் காணோம். பக்தர்கள் இதை இறைவன் திருவிளையாடல் என்பர். உரிம ஆய்வாளர் வேறு விதமாகப் படிப்பார்: ஒரே உயிர் ஒரே நேரத்தில் இரண்டு உடலில் இருக்கலாகாது, புதியதில் ஏற்றினால் பழையதிலிருந்து நீக்க வேண்டும், சாத்தனூரில் அந்த விதி துல்லியமாக நிறைவேற்றப்பட்டது. அதன்பின் மூலனின் மனைவி வந்து இவர் என் கணவர் என்று வழக்காட, ஊர்ப் பெரியவர்கள் விசாரித்து இவர் அவரல்லர் என்று முடிவு சொன்னார்கள். இதுவும் இன்று உண்டு. போர்டு மாற்றியவுடன் விண்டோஸ், இந்தக் கணினி எனக்குத் தெரியாது என்று கைவிரிக்கும். 2016 முதல் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைக்கலாம் என்று ஏற்பாடு வந்திருக்கிறது. அப்படி இணைத்தவர், அண்மையில் உறுப்பு மாற்றினேன் என்று திரையில் ஒப்புக்கொண்டால் பஞ்சாயத்து அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லும்.

இந்த மறுபிறப்பு உரிமையும் எளிதில் கிடைத்ததன்று. 2006 அக்டோபரில் விண்டோஸ் விஸ்டாவின் கடைப்பதிப்பு விதிகள் வெளியானபோது, உரிமத்தை வேறு கணினிக்கு ஒரே ஒரு முறைதான் மாற்றலாம் என்றிருந்தது. அதாவது மறுபிறப்பு உண்டு, ஆனால் ஒன்றே ஒன்று. அதற்குப்பின் வீடுபேறோ நரகமோ நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கணினி பூட்டுகிறவர்கள் கொதித்தார்கள். அடுத்த மாதமே நிறுவனம் விதியைத் திருத்தி, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றது. எழுவகைப் பிறப்பும் எடுத்தே தீர வேண்டும் என்பது நம்மவர்க்கு வருத்தம். அவர்களுக்கோ அது போராடிப் பெற்ற உரிமை.

இங்கே ஒரு தடை எழும். ஓ.இ.எம். உரிமமும் போர்டு மாற்றிய பிறகு பல நேரம் உயிர்த்தெழுகிறதே, போனில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்களே எனின், கொடுக்கிறார்கள் என்பது மெய். அது அருள், உரிமையன்று. கோயிலில் பூசாரி தெரிந்தவர் என்றால் சன்னதிக்கு அருகில் விடுவார். அதை வைத்துச் சிறப்புத் தரிசனச் சீட்டு வாங்கியவனுக்குச் சமம் என்று வாதிட முடியாது. பூசாரி மாறும் நாள் வரும்.

இன்னொரு தடை நீதிமன்றத்தை ஒட்டியது. உரிமத்தை உடலோடு கட்டுவதே செல்லாது என்று தீர்ப்பு இருக்கிறதே எனின், ஐரோப்பாவில் உண்டு. ஓ.இ.எம். விண்டோஸைக் கணினியிலிருந்து பிரித்துத் தனியாக விற்கலாம் என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2000இலேயே சொல்லிவிட்டது. விலை கொடுத்து நிரந்தரமாக வாங்கிய மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் ஆரக்கிள் வழக்கில் சொன்னது. ஆனால் ரைன் நதிக்கரையில் ஆன்மாவுக்கு இருக்கும் சலுகை கூவம் கரையில் இருப்பதாக எண்ணி வாங்கிவிடக் கூடாது. சமயம் இடத்துக்கு இடம் மாறுவது இயல்பு.

சரி, பணக் கணக்கு. விண்டோஸ் 11 ஹோம் கடைப்பதிப்பு அமெரிக்காவில் 139 டாலர், புரோ 199. ஓ.இ.எம். அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைந்தால் லாபம்? உயர்கணிதம் வேண்டாம். ஓ.இ.எம். விலை, ரீட்டெயில் விலையில் பாதிக்குமேல் இருக்குமானால், வாழ்நாளில் ஒரே ஒரு முறை போர்டு மாற்றுகிறவருக்கும் ரீட்டெயிலே மலிவு. இரண்டு முறை மாற்றுகிறவருக்கு மூன்றில் ஒரு பங்குக்குமேல் இருந்தாலே ரீட்டெயில் மலிவு. நேர்வழியில் விற்கும் கடைகளில் ஓ.இ.எம். அவ்வளவு கீழே இறங்குவதில்லை. மேலும், 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தது முதல் புதிய பதிப்புக்கு மாறக் காசு கேட்பதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியிருக்கிறது. 10 வைத்திருந்தவர் தகுதியுள்ள கணினியில் 11க்கு இலவசமாகப் போனார். அந்தத் தகுதியில் டிபிஎம் 2.0 என்பதும் ஒன்று. அது இல்லாத பழைய போர்டுகளை நிறுவனம் மாற்றச் சொன்னது. 2025 அக்டோபர் 14உடன் 10க்கான பொது ஆதரவும் முடிந்தது. இதன் பொருள் நுட்பமானது. உரிமம் சாகாமலிருக்க, போர்டு சாக வேண்டியிருக்கிறது. இப்படி ஓர் உலகத்தில் இரண்டையும் ஒரே பாடையில் கட்டுவது புத்திசாலித்தனமா?

சில நூறு ரூபாய்க்குப் புரோ கீ கிடைக்கும்போது இத்தனை வியாக்கியானம் எதற்கு எனின், இது எல்லாத் தடைகளிலும் வலியது. நாட்டில் பெரும்பான்மைச் சமயமும் இதுவே. அந்தக் கீ எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது எங்கோ ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி இத்தனை கணினிக்கு என்று கொடுத்த வால்யூம் கீயின் மிச்சம். அல்லது உடைத்து விற்ற கணினியிலிருந்து உரித்த ஓ.இ.எம். கல்யாணப் பந்தியில் பெண் வீட்டாரா மாப்பிள்ளை வீட்டாரா என்று கேட்பார் இல்லாதவரை சாப்பிடலாம். கேட்டால் எழ வேண்டும். வால்யூமில் கேஎம்எஸ் என்று ஒரு வகை உண்டு. அதில் பிராணன் 180 நாளுக்குத்தான். அதற்குள் நிறுவனத்தின் சர்வரைக் கண்டு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சர்வர் விண்டோஸ் கணினிகளுக்கு உயிர் கொடுக்கத் தொடங்க, குறைந்தது 25 கணினிகள் அதை நாடி வந்திருக்க வேண்டும். எத்தனை பெரிய கூட்டுக் குடும்பத்திலும் 25 கணினி இருப்பது அரிது. இருந்தால் அக்குடும்பம் பாகப்பிரிவினைக்குத் தயாராக இருக்கிறது என்று பொருள். மலிவுக் கீயில் மிச்சமாகும் காசை நாம் மறுக்கவில்லை. அது உரிமம் என்ற பெயரில் விற்கப்படுவதைத்தான் மறுக்கிறோம். 25 எழுத்து கையில் இருப்பது வேறு, பாத்தியதை இருப்பது வேறு. சாவி கிடைத்துவிட்டால் வீடு நம்முடையதாகிவிடாது.

கீயே போடாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. விண்டோஸ் அதற்காக நின்றுவிடுவதில்லை. வலக்கீழ் மூலையில் ஆக்டிவேட் செய்யச் சொல்லி ஒரு மங்கல் எழுத்து நிரந்தரமாக நிற்கும். திரையின் நிறத்தையும் அலங்காரத்தையும் மாற்றும் பகுதி பூட்டிக் கிடக்கும். மற்றதெல்லாம் நடக்கும். அந்த மங்கல் எழுத்தைத் திருஷ்டிப் பொட்டு என்று ஏற்றுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறார்கள். உரிம விதிப்படி இது செல்லாத குடித்தனம்தான். என்றாலும் இதில் ஒரு நேர்மை உண்டு. போலிக் கீ போட்டவரைப்போல இவர் தமக்கு உரிமம் இருப்பதாகத் தம்மையே ஏமாற்றிக்கொள்வதில்லை.

கடைசித் தடை லினக்ஸ். 1991இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது; மறு ஆண்டே ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வந்தது. படியெடுக்கலாம், கொடுக்கலாம், திருத்தலாம். ஆன்மா எந்தப் பலகையில் என்ற கேள்வியே அதில் இல்லை. உயிர் எங்கும் நிறைந்திருக்கிறது; போர்டு மாற்றினால் பழைய டிஸ்க்கை எடுத்துப் புதியதில் சொருகினால் பெரும்பாலும் ஒன்றும் நடவாததுபோல் எழுந்து நிற்கும். இது வீடுபேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் வீடுபேறு அடைந்தவர்களுக்குக் கணக்கு எழுத டேலி வேண்டியிருப்பதில்லை. பழைய எழுத்துருவில் தட்டிய கல்யாணப் பத்திரிகையைப் பேஜ்மேக்கரில் திறக்க வேண்டியிருப்பதில்லை. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் காவலாளி லினக்ஸ்காரரை உள்ளே விடாத சில விளையாட்டுகளை விளையாட வேண்டியிருப்பதில்லை. இந்த மூன்று பந்தமும் அற்றவர் இப்போதே இக்கட்டுரையை மூடிவைத்துவிட்டு லினக்ஸ் ஏற்றிக்கொள்ளலாம். அவருக்கு நாம் சொல்ல ஒன்றும் இல்லை. பந்தம் உள்ளவர்களுக்கே சாத்திரம்.

ஹோமா, புரோவா என்பதில் அதிகம் மினக்கெட வேண்டாம். புரோவில் பிட்லாக்கர், வெளியூரிலிருந்து கணினிக்குள் நுழையும் ரிமோட் டெஸ்க்டாப், ஹைப்பர்-வி ஆகியவை கூடுதலாக உண்டு. ராம் 2 டெராபைட் வரை ஏற்கும். ஹோம் 128 ஜிபியோடு நின்றுவிடும். இந்தப் பெயர்களில் ஒன்றைக் கேட்டதும் 'ஆமாம், அது வேண்டுமே' என்று தோன்றாதவருக்குப் புரோ வேண்டாம்.

எனவே தீர்ப்பு: கையால் கணினி பூட்டுகிறவருக்கு உரியது ரீட்டெயில் ஹோம். இன்னொரு முறை ஸ்க்ரூடிரைவரைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்யக்கூடியவர் மட்டும் ஓ.இ.எம். வாங்கலாம், அந்தச் சத்தியத்தை நம்புகிற மனைவியோ கணவரோ அவருக்கு அமைந்திருப்பது தனிப் பாக்கியம். வாங்கியவுடன் உரிமத்தைக் கணக்கோடு இணையுங்கள். பழைய போர்டைக் கழற்றுவதற்கு முன்பு செய்ய வேண்டிய காரியம் இது. பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கீ அச்சிட்ட அட்டையைக் கேபினட்டின் உள்பக்கம் ஒட்டி வைக்காதீர்கள். அந்தக் கேபினட்டையும் ஒருநாள் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவீர்கள்.